பன்னிரண்டு ஜிபி கார்டு

சிவசங்கர் கடையின் கண்ணாடி அலமாரியில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகள் இருந்தன. மூன்றின் விலையும் எனக்கு முன்பே தெரியும். சின்னசேலம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்டு பார்க்கிறேன். ஒரு மணிக்கு மேல் வண்டி வரத்து குறைந்துவிடும். விடியும்வரை கைபேசியில் கார்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். என்னிடம் கணினி கிடையாது. கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டபோது மடிக்கணினியையும் விற்றாயிற்று. இல்லாத பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்தவர்கள் கணினிச் சாமான் வாங்கப் போனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அன்று கூப்பிட்டது வளர்மதி. என் தங்கை அபிநயாவோடு படித்தவள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் அவள் ஊர். கள்ளக்குறிச்சியில் நாராயணசாமி என்கிற கட்டட இன்ஜினியருக்கு வேலை செய்து கொடுத்தாள். வீடு கட்டப் போகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கணினியில் வரைந்து காட்டுகிற வேலை. இப்போது படம் மட்டும் போதவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே போய், கூடம், பூஜை அறை, மாடி என்று சுற்றி வருகிற வீடியோ கேட்கிறார்கள். திருநாவலூரில் ஒருவர் தை பன்னிரண்டாம் தேதி, வாஸ்து நாளில், பூமி பூஜை வைத்திருந்தார். அன்று சொந்தக்காரர்கள் முன்னால் அந்த வீடியோ டிவியில் ஓட வேண்டும். வீடியோ நேரத்துக்கு வந்தால் அடுத்த மனைப்பிரிவில் ஒன்பது வீட்டு வேலையும் வளர்மதிக்கு என்று நாராயணசாமி சொல்லியிருந்தார். வராவிட்டால் சேலத்தில் ஆள் பார்த்துக்கொள்வார். அதையும் சொல்லியிருந்தார்.

பொங்கல் முடிந்ததும் அவள் ஊரில் பாதிப் பேர் சிக்மகளூர்ப் பக்கம் காப்பி பறிக்கப் போவார்கள். தை பதினாலாம் தேதி ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியின் வண்டி வரும். அவள் வீட்டில் அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேரைச் சொல்லி வைத்திருந்தார்கள். இன்ஜினியர் வேலை நிலைத்தால் வளர்மதி ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அவளும் ஏற வேண்டும்.

அவளிடம் இருந்தது இன்ஜினியர் ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கணினி. அதில் வீடியோவின் ஒரு படம், ஒரு ஃபிரேம், உருவாக அரை மணி நேரம் ஆகும். முப்பது நொடி வீடியோவுக்கு எழுநூற்றைம்பது ஃபிரேம். பெருக்கினால் பதினைந்து நாளைத் தாண்டும். அன்று தை நாலு. கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சொருகினால் படம் பல மடங்கு வேகமாக உருவாகும்.

அவள் அப்பா கருப்பண்ணன் கடைக்குள் வந்து, சட்டைக்கு உள்ளே கட்டியிருந்த துணிப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பதாயிரம். மரவள்ளி விற்றதும் இரண்டு ஆடு விற்றதும் சேர்ந்தது. அதற்கு மேல் கிடையாது என்று வரும் வழியிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

சிவசங்கர் ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இத பாரு சுபாஷு. புது மாடல், எட்டு ஜிபி. லைட்டு எரியும். கேம் வெளயாடுற பசங்கல்லாம் இதத்தான் தூக்கிகினு போறானுங்க. இருபத்தொம்பதாயிரத்து ஐநூறு."

"அந்தப் பக்கம் இருக்கறது?"

"அது பழசு. பன்னெண்டு ஜிபி. இருபத்தஞ்சாயிரத்து எட்நூறு. அத ஏன் கேக்கற? ஆறு மாசமா ஒருத்தனும் கேக்கல."

கருப்பண்ணன் குனிந்து பார்த்தார். "லைட்டு எரிஞ்சா கரண்டு ஜாஸ்தி இழுக்குமா?"

"லைட்டு இன்னாங்க இழுக்கப் போவுது. கார்டுதான் இழுக்கும்."

"நூறு யூனிட்டு வரைக்கும்தான் எங்களுக்கு சும்மா. மேல போனா பணம் கட்டணும்."

"ஒரு நாள் முழுக்க ஓட்டினா ஆறு யூனிட்டு ஆவும்ப்பா," என்றேன்.

"இப்ப இருக்கற பொட்டி?"

"மூணு."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "அது பதினஞ்சு நாளு ஓடணும். நாப்பத்தஞ்சு யூனிட்டு. இது எத்தினி நாளு ஓடும்?"

"ஒரு நாளு. கொஞ்சம் கூட ஆவலாம்."

"அப்ப இதான் கம்மி," என்றார்.

சிவசங்கர் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட கணக்கெழுத வராங்களான்னு கேளு."

வளர்மதி இதிலெல்லாம் சேராமல் எட்டு ஜிபி கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழையதைவிட வேகமும் கூட. வெறும் விளையாட்டுக்கு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த வீட்டைக் கடைக் கணினியில் திறக்கச் சொன்னேன். தூண், மாடி, கார், திரைச்சீலை, தோட்டம் முழுக்கப் புல். ரெண்டர் போட்டுப் படத்தை உருவாக்கினால் கார்டின் நினைவகம் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தோம். ஒன்பதரை ஜிபி.

"எட்டுல ஏறாது," என்றேன்.

"ஏறாதுன்னு இல்ல தம்பி," என்றார் சிவசங்கர். "மிச்சத்த கம்ப்யூட்டரோட ராம்ல வெச்சிகினு ஓட்டும்."

"போய்ப் போய் எடுத்துகினு வரும். இல்லன்னா பாதியில நின்னுடும். ரெண்டுல எதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது."

"புல்லக் கொறச்சிக்கலாம்ண்ணா," என்றாள் வளர்மதி.

"திருநாவலூர்க்காரரு புல்லு கம்மியா கேட்டாரா?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்னும் ரெண்டு தென்னமரம் கேட்டிருக்காரு."

பழைய கார்டையே எடுத்தோம். மிச்சம் நாலாயிரத்து இருநூறு இருந்தது. அதற்கு ஒரு நல்ல பவர் சப்ளை பெட்டி வாங்கச் சொன்னேன். மலையில் சாயங்காலம் கரண்டு நூற்றறுபது வோல்டுக்கு இறங்கிவிடும். பழைய பெட்டி அதைத் தாங்காது. சிவசங்கர் பில் போட்டார். முப்பதாயிரம் முடிந்தது.

"கம்ப்யூட்டர் பொட்டிய எடுத்துகினு வாங்க, நானே மாட்டித் தரேன். காசு வாணாம்," என்றார் அவர். நான்தான் வேண்டாம் என்றேன். இவ்வளவு கனமான கார்டைக் கணினியில் மாட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏற்றினால் சொருகியிருக்கிற இடம் உடைந்துவிடும். தனியாக அட்டைப்பெட்டியில் கொண்டு போ, வீட்டில் போய் நீயே மாட்டு, எப்படி என்று வீடியோ அனுப்புகிறேன் என்று சொன்னேன். சரியான யோசனைதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மறுநாள் சாயங்காலம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, டிஸ்ப்ளே வரல."

"பவர் கேபிள் சொருகினியா?"

"சொருகிட்டேன். ஃபேன் சுத்துது. மானிட்டர்ல ஒண்ணும் வரல. கார்ட கழட்டிட்டா வருது."

"கீழ கோல்டு கலர்ல பல்லு மாதிரி இருக்குமே, அங்க கை கிய் பட்டுச்சா?"

பின்னால் ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது. வளர்மதி போனை மூடிக்கொண்டு அதட்டுவது கேட்டது.

"அம்மா பொட்டு வெச்சிட்டாங்கண்ணா."

"எதுல?"

"அந்த கோல்டு மேலதான். தொடச்சிட்டுதான் மாட்டினேன். போயிடுச்சுன்னு நெனச்சேன்."

மூன்று வருடமாகப் படித்ததில் கார்டு கெட்டுப்போக நூறு வழியாவது தெரியும். இது அதில் இல்லை.

சிவசங்கரைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி கும்பிட்டதுக்கெல்லாம் வாரண்டி இல்லப்பா. ஈரம் பட்டிருக்குன்னு பாத்தாலே கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிடுவான். நான் பொய் சொல்லி அனுப்புறேன்னு வெய்யி, ஒரு மாசம் ஆவும்."

"கார்டு சொருகற மதர்போர்டு போயிருந்தா?"

"அந்தப் பழைய போர்டு புதுசா கெடைக்காது. பழசு தேடணும். அஞ்சாயிரம் ஆவும், ஒரு வாரமும் ஆவும்."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஷிப்டு முடிந்ததும், பேருந்து நிலையத்தில் மொபைல் கடை திறக்கும்வரை காத்திருந்து, சர்க்யூட் கழுவுகிற திரவத்தில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பென்சில் ரப்பரும் பல் துலக்கும் பிரஷ்ஷும். கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் தூங்கலாம் என்று நினைத்தேன். கோமுகி அணை தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். தூங்க முடியாது.

அவர்கள் வீட்டில் கணினி கூடத்து மூலையில் இருந்தது. வளர்மதி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வெள்ளச்சி வாசலுக்கு வெளியே சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார், உள்ளே வரவில்லை. அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்பது நுழைந்ததுமே தெரிந்தது.

கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சளும் குங்குமமும் பொன் பற்களுக்கு இடையில் காய்ந்திருந்தன. மூன்று இடத்தில், ஒரே அளவு இடைவெளி விட்டு. கை நடுங்காமல் வைத்திருந்தார்.

"அம்மா," என்று கூப்பிட்டேன். "ஏன் இங்க வெச்சீங்க? மேல இவ்ளோ எடம் இருக்குதே."

வெள்ளச்சி வாசல்படியில் வந்து நின்றார். "நான் கேட்டுதான் வெச்சேன் தம்பி. கொடுவாளுக்குக் கைப்புடியிலயா வெப்பாங்க? வெட்டுற பக்கம்தான் வெக்கணும். மம்முட்டிக்குத் தகட்டு மேல. இதுல எந்தப் பக்கம் வேல செய்யுதுன்னு இவகிட்டதான் கேட்டேன். அதோ பளபளன்னு இருக்குதே, அதுதான் உள்ள போய் வேல செய்யும்னா."

"நான் பொட்டு வெக்கவா சொன்னேன்?" என்றாள் வளர்மதி திரும்பாமல்.

"ரெண்டு ஆட்ட வித்து வாங்கினத சும்மா எடுத்து மாட்டுவாங்களா? இன்ஜினியரு வூட்ல அப்படிதான் மாட்டுவாங்களா?"

"அங்க யாரும் இப்படிக் கெடுக்கல."

வெள்ளச்சி படியிறங்கினார். முறத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனார். நான் வளர்மதியைத் திட்டவில்லை. முப்பதாயிரத்தை இழந்தவளிடம் மரியாதை பற்றிப் பேசுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பொட்டு வைத்த ஒரு ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. கேம் விளையாடுகிற பையன்கள் அதைக்கூடக் கேட்பதில்லை.

கார்டின் பற்களைத் திரவம் தொட்ட துணியால் துடைத்து, ரப்பரால் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. சிக்கல் அது இல்லை. கார்டைச் சொருகும்போது குங்குமப் பசையில் ஒரு பகுதி போர்டின் பள்ளத்துக்குள் போயிருந்தது. அங்கே மயிரிழை போன்ற கம்பிகள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போனதுதான். பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்து, ஒரே திசையில் மெதுவாக இழுத்தேன். சிவப்பாக வந்தது. காய விட்டு மாட்டினோம். திரை கருப்பாகவே இருந்தது. மறுபடி கழற்றினேன். மறுபடி பிரஷ். மறுபடி கருப்பு.

கருப்பண்ணன் வயலிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆவுமா தம்பி?"

"தெரியலப்பா."

"மேஸ்திரி காலைல போன் பண்ணான். மூணு பேருதான, மாத்தம் ஒண்ணும் இல்லியேன்னு."

"இன்னா சொன்னீங்க?"

"மூணுதான்னேன்." மகளைப் பார்க்காமல் சொன்னார். "ஆவலன்னா அங்க போய் சம்பாரிச்சி வேற ஒண்ணு வாங்கிக்கலாம். இன்னா இப்ப."

வளர்மதி எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். "நீங்க டார்ச்ச மட்டும் புடிங்கண்ணா."

அவள் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. அரை மணி நேரம் ஒரு கம்பி, அடுத்த கம்பி என்று போனாள். நானாக இருந்தால் பாதியில் சலித்திருப்பேன். மூன்றாவது முறை மாட்டியபோது திரையில் வெளிச்சம் வந்தது. யாரும் கை தட்டவில்லை. கருப்பண்ணன் மட்டும், "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

கார்டின் விவரத்தை ஒரு மென்பொருளில் திறந்து பார்த்தேன். போர்டுக்கும் கார்டுக்கும் நடுவில் பதினாறு பாதை இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது.

"மீதி பன்னெண்டு?" என்றாள்.

"போச்சு. இன்னொரு தடவ கழட்டி சுத்தம் பண்ணிப் பாக்கலாம். இந்த நாலும் போனாலும் போவும்."

அவள் யோசித்தாள். "நாலு பாதையில எவ்ளோ வேகம் கொறையும்?"

அங்கே உட்கார்ந்துதான் எனக்கும் புரிந்தது. கார்டுக்குள் சாமானைக் கொண்டு போகிற வாசல் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். அவள் வீடு ஒன்பதரை ஜிபி. பன்னிரண்டுக்குள் மொத்தமும் உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு வாசல் எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன. எட்டு ஜிபி வாங்கியிருந்தால், மிச்சத்தை எடுக்க ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்தச் சின்ன வாசல் வழியாக ஓடி ஓடி, பழைய கணினியே மேல் என்று ஆகியிருக்கும். இதை நான் முன்கூட்டி நினைத்து வாங்கவில்லை. மஞ்சள் குங்குமத்தைக் கணக்கில் எடுத்து யாரும் கார்டு வாங்குவதில்லை.

"ஓட்டிப் பாரு," என்றேன்.

முதல் ஃபிரேம் இரண்டு நிமிடம் பத்து நொடியில் வந்தது. நல்ல கணினியில் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"தொட வேணாம்ண்ணா," என்றாள். "இப்படியே இருக்கட்டும்."

பின்கட்டில் வெள்ளச்சி சாமையை மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தார். ஓடுகிறது என்று போய்ச் சொன்னேன். "சரி தம்பி," என்றார். சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கணினி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

நான் கடைசி பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். நடுவில் இரண்டு முறை கரண்டு போனது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சேமித்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தென்னை மரம் ஒன்று காற்றில் மிதந்ததால் நூற்றிருபது ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி போட்டாள். பத்தாம் தேதியே வீடியோ இன்ஜினியரிடம் போய்விட்டது. பன்னிரண்டாம் தேதி மதியம் நாராயணசாமி அவளைக் கூப்பிட்டார். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம். மூன்றாவது தடவை மச்சினன் ஒருவர் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிங்கம் வேண்டும் என்றாராம். சிங்கத்தோடு இருபதாம் தேதிக்குள் கொடு, அப்படியே மனைப்பிரிவின் முதல் மூன்று பிளானையும் அனுப்புகிறேன் என்றாராம். பாராட்டு என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஒன்பதில் மூன்று. ஆனால் முன்பணத்தோடு அனுப்பினார்.

தை பதினாலு விடிகாலை, ஷிப்டு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு வண்டி டீசலுக்கு வந்து நின்றது. மேலே மூட்டைகள், உள்ளே இருபது பேர். கருப்பண்ணன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். வெள்ளச்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு," என்றார். "நான் வெச்சதாலதான அது கெட்டுச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரவு முழுக்க நின்றவனுக்குப் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும்.

"ஆமாம்மா. பாதி நீங்க. பாதி நான். கடையிலயே மாட்டியிருந்தா அது உங்க கைக்கே வந்திருக்காது."

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது என்று நினைக்கிறேன். "எட்டு நாளாச்சி, மவ எங்கிட்ட சரியா பேசல. சோறு போட்டா துன்னுது, கேட்டா பதில் சொல்லுது, அவ்ளோதான். கெளம்பறப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கினு அந்தப் பொட்டிக்கு முன்னாலதான் குந்திகினு இருந்துச்சு. மூணு மாசம் ஆவும் நாங்க வர."

பம்புக்குப் பக்கத்தில் போன் பேசக்கூடாது. டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்கு நகர்ந்து வளர்மதியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சிங்கத்துக்குப் பிடரி முடி வெச்சா மெமரி பதினொன்னரைக்குப் போவுது. இன்னும் ஒரு சிங்கம் இருக்குது."

"முதல் சிங்கத்தையே காப்பி பண்ணாம இன்ஸ்டன்ஸா போடு. ரெண்டு எடத்துல தெரிஞ்சாலும் ஒண்ணுக்கு ஆவற எடம்தான் புடிக்கும்."

"ஆமால்ல." தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"உங்கம்மா இங்க இருக்காங்க. வண்டி டீசல் போட வந்திருக்குது."

சத்தம் நின்றது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"குடுங்க," என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு நடந்தேன். வண்டி பம்பை விட்டு முன்னால் நகர்ந்து நின்றிருந்தது. ஜன்னல் வழியாக நீட்டினேன். வெள்ளச்சி இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"உம்," என்றார். பிறகு, "உம்." டிரைவர் ஹார்ன் அடித்தான். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அதெல்லாம் உடு," என்றார் கடைசியில். "ராத்திரி கோழிய அடைச்சியா இல்லியா, அத சொல்லு."